மருத்துவரைக் கேளுங்கள்: மனச்சிதைவு நோய்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மனச்சிதைவு நோயைப் பற்றியவை. ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரிலும் பலர் இதை அறிவார்கள். கடிதம் எழுதியவர்கள் வேறு வேறு என்றாலும் ஒரு செய்தி எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருகிறது: நோயின் அறிகுறிகளைக் குணக்கேடு என்று எண்ணி வீட்டார் மாதக்கணக்கில் கடிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஆகவே சில கேள்விகளுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் அடையாளங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவன். ஏழெட்டு மாதங்களாக நண்பர்களைச் சந்திப்பதில்லை, குளிப்பதும் அரிதாகிவிட்டது, இரவெல்லாம் விழித்திருக்கிறான். அடுத்த வீட்டார் தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்லி, ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டியிருக்கிறான். தனியே யாருடனோ பேசுகிறான். ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் இருப்பதுதான் மனச்சிதைவு என்கிறார்கள். அப்படியா?

பதில்: அம்மா, கடிதத்தைப் படித்து நோயின் பெயரைச் சொல்வது முறையாகாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பவை ஒரு மனநல மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்ட வேண்டிய அறிகுறிகள். இந்த வாரமே செல்லுங்கள்.

ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் என்பது பிழையான கருத்து. அது முற்றிலும் வேறொரு கோளாறு. அந்தப் பிழைக்கு நோயின் பெயரும் ஒரு காரணம். 1908-ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் ‘பிளவு’, ‘மனம்’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இந்தப் பெயரை உருவாக்கினார். எண்ணம், உணர்ச்சி, புலனறிவு ஆகியவை ஒன்றோடொன்று இசைந்து இயங்காமல் போவதையே அவர் பிளவு என்று குறிப்பிட்டார். பெயர் தரும் அச்சத்தையும் இழிவையும் கருதி, ஜப்பானில் 2002-இல் இந்நோயின் பெயரையே மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு நோயாளிகளிடம் அவர்களுடைய நோயின் பெயரைச் சொல்ல மருத்துவர்கள் தயங்குவது குறைந்தது.

அறிகுறிகளில் எளிதில் கண்ணில் படுபவை மாயக்குரல்களும், அசைக்க முடியாத தவறான நம்பிக்கைகளும், கோவையற்ற பேச்சும். மாயக்குரல் என்றால் ஏதோ கற்பனை என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஒருமுறை ஓர் இளைஞர் என் முன் அமர்ந்து தம் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்தினார், தலையை இடப்பக்கம் சாய்த்தார், உதடு இலேசாக அசைந்தது. பிறகு என்னைப் பார்த்து, “நீங்கள் கேட்கவில்லையா, டாக்டர்?” என்றார். அறையில் வேறு எந்த ஓசையும் இல்லை. நம் குரல் அவருக்கு எப்படிக் கேட்கிறதோ, அந்தக் குரலும் அப்படியே, அதே தெளிவுடன், வெளியிலிருந்து கேட்கிறது. அவரைப் பற்றி இருவர் பேசிக்கொள்வது போலவும், அவர் செய்வதையெல்லாம் ஒருவர் அறிவித்துக்கொண்டே வருவது போலவும் அது அமைவதுண்டு. உங்கள் மகன் தனியே பேசுவது பெரும்பாலும் பதில் சொல்வதாகவே இருக்கும்.

கூர்ந்து கவனித்தால், இவை தோன்றுவதற்குப் பல மாதங்கள் முன்பே படிப்பில் நாட்டம் குறைவதும், ஒதுங்குவதும், குளிக்காமல் இருப்பதும் தொடங்கியிருக்கும். ‘வயசுக்கோளாறு’ என்று வீட்டார் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பதின்பருவத்தின் இறுதியிலிருந்து முப்பது வயதுக்குள் நோய் வெளிப்படுவதே வழக்கம்; ஆண்களுக்குச் சற்று முன்னதாகவும் பெண்களுக்குச் சற்றுப் பின்னதாகவும் வரும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் பேர், அதாவது சுமார் 300 பேரில் ஒருவர், இந்நோயுடன் வாழ்கிறார்கள். நீங்கள் தனியாக இல்லை, அம்மா.

இந்நோயை உறுதிசெய்யும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதுவரை இல்லை. ஆயினும் போதைப்பொருள், வலிப்பு, தைராய்டு கோளாறு, மூளை அழற்சி போன்றவையும் இதே போன்ற தோற்றம் தரக்கூடும் என்பதால், அவற்றை விலக்குவதற்காகச் சில பரிசோதனைகளை மருத்துவர் கேட்பார். அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதம் நீடித்திருக்கின்றனவா என்றும் பார்ப்பார். மகன் சாவைப் பற்றிப் பேசினாலோ, தன்னையோ பிறரையோ துன்புறுத்தும்படி குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: நான் பிள்ளையைக் கண்டித்து வளர்த்ததால்தான் இது வந்தது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என் மகளுக்கும் வருமா?

பதில்: உறவினர்கள் சொல்வது, மருத்துவ உலகம் ஒரு காலத்தில் செய்து, பின்னர் கைவிட்ட பிழை. 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வு மருத்துவர், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு சொல்லை எழுதினார். அதன்பின் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், நோயுற்ற பிள்ளையை அழைத்து வந்த தாய்மார்கள் குற்றவாளிகளைப் போல நடத்தப்பட்டார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் எவையும் அந்தக் கருத்தை மெய்ப்பிக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் என் துறை அந்தத் தாய்மார்களுக்குக் கடன்பட்டிருப்பதாகவே உணர்கிறேன். உங்கள் வளர்ப்பு இந்நோயை உண்டாக்கவில்லை.

இது ஒரே காரணத்தால் வருவதன்று. மரபணுக்களின் பங்கு பெரிது. ஆனால் ஒற்றை மரபணு எதுவும் இல்லை. சிறு சிறு பங்களிப்புள்ள நூற்றுக்கணக்கான மரபுக் கூறுகள் சேர்ந்து ஒருவரை நோய்க்கு எளிதில் ஆட்படுபவராக ஆக்குகின்றன. அதன் மேல், தாயின் கருவிலிருக்கும்போதும் பிறக்கும்போதும் நேர்ந்த சிக்கல்கள், பிள்ளைப் பருவத்துக் கொடுந்துயரங்கள், இளவயதில் மிகுதியாகக் கஞ்சா புகைத்தல் ஆகியவை சேரும்போது ஆபத்து கூடுகிறது. மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் இயக்கம் சில பகுதிகளில் மிகுதியாவதால், பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு பார்வையும் ஓர் இருமலும்கூடத் தமக்கென்றே அனுப்பப்பட்ட செய்தியைப் போல அவருக்குத் தோன்றுகின்றன.

உங்கள் மகளைப் பொறுத்தவரை: பொதுவாக வாழ்நாளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவோ ஏறத்தாழ ஒருவருக்கோ வரும் இந்நோய், உடன்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஏறத்தாழ ஒன்பது, பத்துப் பேருக்கு வரலாம். அதாவது தொண்ணூறு பேருக்கு வருவதில்லை. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தாலும், மற்றவருக்கு வராமல் இருக்கும் வாய்ப்பே அதிகம். மகளை அச்சத்தோடு கண்காணிக்க வேண்டாம். கஞ்சாவைத் தொடக்கூடாது என்பதை மட்டும் காரணத்தோடு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தம்பி, “எனக்கு ஒன்றுமில்லை, உங்களுக்குத்தான் பைத்தியம்” என்கிறான். மருத்துவமனைக்கு வர மறுக்கிறான். அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவதா, மறுத்துப் பேசுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். தமக்கு நோய் இல்லை என்று அவர் சொல்வது பிடிவாதம் அன்று; நோயை உணரும் திறனையே இந்நோய் பறித்துவிடுகிறது. எனவே தர்க்கத்தால் அவரை வெல்ல முயன்றால் அவர் உங்களையும் எதிரிகளின் பட்டியலில் சேர்த்துவிடுவார். அதற்காக, “ஆமாம், அவர்கள் உன்னைக் கண்காணிக்கத்தான் செய்கிறார்கள்” என்று ஒத்துப்பேசுவதும் அந்த நம்பிக்கைக்கு எரு போடுவதாகும்.

அவருடைய நம்பிக்கையை விட்டுவிட்டு அவருடைய துன்பத்தைப் பற்றிப் பேசுங்கள். “நீ கேட்பது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் நீ நான்கு நாளாகத் தூங்காமல் தவிப்பது எனக்குத் தெரிகிறது. தூக்கத்துக்காகவாவது ஒரு டாக்டரைப் பார்ப்போமா?” என்று கேட்டுப் பாருங்கள். குரல் இல்லை என்பவர்கள்கூடத் தூக்கமின்மையை ஒப்புக்கொள்வார்கள். மருத்துவரிடம் வருவதற்கு அந்த ஒரு காரணம் போதும். எங்கே போகிறோம் என்பதை மறைத்து அழைத்துச் செல்லாதீர்கள். அப்படி வந்தவர் அடுத்த முறை யாரையும் நம்ப மாட்டார். அவர் வரவே மறுத்தால், நீங்கள் முதலில் தனியே சென்று மருத்துவரிடம் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்னும் நிலையில் அவருடைய இசைவின்றிச் சேர்ப்பதற்குச் சட்டமே வழி வைத்திருக்கிறது. அந்த முடிவை மருத்துவரோடு கலந்து எடுங்கள். நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடையே கழியும் காலம் நீள நீள, குணமடைவது கடினமாகிறது. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: என் கணவர் மாத்திரை எடுக்கத் தொடங்கி எட்டு மாதங்களில் குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் உடல் பத்துக் கிலோ கூடிவிட்டது, பகலெல்லாம் தூக்கம். அவரே மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதமாக நன்றாகத்தானே இருக்கிறார்?

பதில்: அந்த இரண்டு மாதம்தான் பலரை ஏமாற்றுகிறது, அம்மா. மருந்தை நிறுத்திய மறுநாளே நோய் திரும்பினால் எல்லோருக்கும் காரணம் விளங்கிவிடும். சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்புவதால், மருந்தை நிறுத்தியதற்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்று தோன்றுகிறது. முதல்முறை நோய் வந்தவர்கள் குணமான பின்னும் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் மருந்து எடுக்க வேண்டும். பலமுறை வந்தவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படும். நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவரின் கண்காணிப்பில் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்த வேண்டும்.

இதனால் உங்கள் கணவரின் குறை பொய்யாகிவிடாது. எடை கூடுவது, சர்க்கரை நோய், கை நடுக்கம், தசை விறைப்பு, ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது ஆகிய பக்கவிளைவுகள் உண்மையானவை. அவற்றைக் கேட்டுவிட்டு, “அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் மருத்துவர் தம் கடமையை முழுதாகச் செய்யவில்லை. 1952-இல் பாரிஸில் ழான் டெலே, பியர் டெனிக்கர் ஆகியோர் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை மனநோய்க்குப் பயன்படுத்திக் காட்டிய பிறகு எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. ஒன்று எடையைக் கூட்டினால் கூட்டாத இன்னொன்றுக்கு மாறலாம், அளவைக் குறைக்கலாம், இரவில் மட்டும் கொடுக்கலாம். தினமும் விழுங்குவது சுமையென்றால் இரண்டு வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி உண்டு. சிலருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதும் உண்டு.

இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் கொடுத்தும் பலன் இல்லாதவர்களுக்கு குளோசபின் இருக்கிறது. வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவு குறைந்துவிடாமல் கவனிக்க அடிக்கடி இரத்தப் பரிசோதனை தேவைப்படும் மருந்து அது. அந்தச் சிரமத்தை அஞ்சியே அதைக் கொடுக்க ஆண்டுக்கணக்கில் தாமதிக்கிறோம். தாமதிக்கக்கூடாது என்பதே என் கருத்து. இன்னொரு செய்தியும் உண்டு. குளோசபினோ ஓலன்சபினோ எடுப்பவர் திடீரெனப் புகைப்பதை விட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்துவிடும். புகைப்பதை விடுவது மிக நல்லது; முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட்டு விடுங்கள்.

கேள்வி: இந்நோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவார்களா?

பதில்: பெரும்பாலோர் தாக்குவதில்லை. பிறரால் அடிபடுபவர்களாகவும் ஏமாற்றப்படுபவர்களாகவுமே அவர்கள் அதிகம் இருக்கிறார்கள். சிகிச்சை இல்லாத நிலையும் மது, போதைப் பழக்கமும் சேரும்போது ஆபத்து கூடுவது உண்மை. அதற்கு வழி சிகிச்சைதான்.

கேள்வி: எனக்கு 27 வயது. நான்கு ஆண்டுகளாக மனச்சிதைவுக்கு மருந்து எடுக்கிறேன். குரல்கள் இல்லை. ஆனால் காலையில் எழுந்து பல் துலக்குவதே மலையாக இருக்கிறது. எதிலும் ஆசை இல்லை. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள். நான் சோம்பேறியா?

பதில்: இல்லை. இந்தக் கேள்வியைத் தாளில் எழுதி, தபாலில் சேர்த்திருக்கிறீர்கள் அல்லவா? உங்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்பதை நான் அறிவேன்.

நீங்கள் சொல்வதும் நோயின் ஒரு பகுதியே. ஊக்கம் வற்றுவது, பேச்சு சுருங்குவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, மகிழ்ச்சியை எதிர்பார்க்கும் திறன் குன்றுவது ஆகியவற்றை நாங்கள் எதிர்மறை அறிகுறிகள் என்கிறோம். குரல்களை அடக்கும் மருந்துகள் இவற்றுக்கு அதிகம் உதவுவதில்லை. சில வேளைகளில் மருந்தின் அளவு மிகுதியாக இருப்பதும், கூடவே மனச்சோர்வு இருப்பதும் இதே போலத் தோன்றும். அவற்றுக்கு வழி உண்டு. ஆகவே முதலில் இந்தக் கடிதத்தின் நகலை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இங்கே மருந்தைவிடப் பயிற்சிக்கே பலன் அதிகம். நாள் முழுவதற்கும் அட்டவணை போடாதீர்கள். ஒரு வேலை, ஒரு நேரம் போதும். என்னிடம் வந்த ஒருவர் முதல் மாதம் முழுவதும் செய்தது, காலை எட்டு மணிக்கு இரண்டு செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது மட்டுமே. அதற்குக் குவளையை முந்தின இரவே நிரப்பிக் கதவருகே வைத்துவிடுவார். காலையில் ஒரு படி குறையுமல்லவா? ஆறாவது மாதத்தில் அவர் அரைநாள் வேலைக்குச் செல்லத் தொடங்கினார். எல்லோருக்கும் இதே வேகம் வாய்க்காது. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதுபோல் மூவரில் ஒருவராவது முழுமையாகக் குணமடைய முடியும். மற்றவர்களிலும் பலர் நோயின் எச்சங்களோடு நிறைவாக வாழ்கிறார்கள்.

உங்கள் வீட்டாருக்கும் ஒரு சொல். 1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் தொடங்கிய ஆய்வுகள், ஓயாத குறைகூறலும் கடுகடுப்பும் உள்ள வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியதைக் காட்டின. வீட்டார் நோயை உண்டாக்கியதாக இதற்குப் பொருளில்லை. குணமாவதில் வீட்டுக்குப் பங்குண்டு என்பதே பொருள். “இன்னும் படுத்துக் கிடக்கிறாயா?” என்பதற்குப் பதிலாக, “டீ போட்டிருக்கிறேன், வெளியே வந்து குடிக்கிறாயா?” என்று கேளுங்கள்.

கேள்வி: நோய் திரும்பி வருவதை முன்கூட்டியே அறிய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். தூக்கம் குறைவது பலருக்கு முதல் அறிகுறி. அதன்பின் எரிச்சல், ஒதுங்குதல், பழைய சந்தேகத்தின் சாயல் ஆகியவை வரும். ஆனால் ஒவ்வொருவருக்கும் தனிப்பட்ட அடையாளங்கள் உண்டு. ஒருவர் விளக்கை அணைக்க மறுப்பார். ஒருவர் தொலைபேசியை எடுப்பதை நிறுத்திவிடுவார். நோயாளர் நலமாக இருக்கும்போதே அவருடன் உட்கார்ந்து, சென்ற முறை எப்படித் தொடங்கியது என்று கேட்டு, அவருடைய சொற்களிலேயே ஒரு தாளில் எழுதுங்கள். அடியில் மருத்துவரின் எண்ணையும், அந்த நிலையில் யார் தம்மிடம் பேச வேண்டும் என்று அவர் விரும்புகிறாரோ அவருடைய பெயரையும் சேருங்கள். அவரே கையெழுத்திடட்டும். ஒரு படி அவரிடமும், ஒரு படி உங்களிடமும், ஒரு படி மருத்துவரின் கோப்பிலும் இருக்கட்டும்.