பட்டாணிப் பால் காபியில் ஏன் திரிகிறது?

கேள்வி: எனக்கு வயது 61. பால் ஒத்துக்கொள்ளாததால் சில மாதங்களாகப் பட்டாணிப் பால் வாங்குகிறேன். கறுப்புக் காபியில் ஊற்றினால் துணுக்குத் துணுக்காகத் திரிந்துவிடுகிறது. கெட்டுப்போன பாலா? கால்களுக்கு வலு வேண்டும் என்று மகன் பட்டாணிப் புரதப் பொடியும் வாங்கித் தந்தான். குடித்தால் வயிறு உப்புகிறது. அதோடு, கையில் எடுக்கிற பாக்கெட்டில் எல்லாம் ‘பட்டாணிப் புரதம்’ என்று போட்டிருக்கிறதே, எதற்காகச் சேர்க்கிறார்கள்? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பேரனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. இதெல்லாம் எங்களுக்கு ஆகுமா?

பதில்: பால் கெட்டுப்போகவில்லை அம்மா. (பாக்கெட்டைத் திறந்ததுமே புளித்த வாடை அடித்தால் அது வேறு கதை, கொட்டிவிடுங்கள்.) பட்டாணிப் புரதத்தின் சுபாவமே அதுதான். பி.எச். அளவு 7-ஐ ஒட்டி, அதாவது அமிலமும் காரமும் இல்லாத நிலையில், அந்தப் புரத மூலக்கூறுகள் எல்லாம் ஒரே வகை மின்னூட்டத்தோடு இருக்கும். அதனால் ஒன்றையொன்று தள்ளிவிட்டுக்கொண்டு நீரில் பரவி நிற்கும். அமிலம் ஏறி பி.எச். 4.5-ஐ நெருங்கும்போது அந்த மின்னூட்டம் சமனாகிவிடுகிறது. தள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் ஒட்டிக்கொண்டு திரள்கின்றன. கறுப்புக் காபியின் பி.எச். ஏறக்குறைய 5. போதாததற்குச் சூடு வேறு. குடித்தால் ஒன்றும் ஆகாது. வயிற்றுக்குள் இருக்கும் அமிலம் காபியைவிடப் பல மடங்கு கடுமையானது, எப்படியும் அங்கே போய்த் திரியத்தான் போகிறது.

பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் காபியைச் சற்று ஆறவிடுங்கள், பாலை வெதுவெதுப்பாக்குங்கள், பாலுக்குள் காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். நன்கு கறுக வறுத்த காபியில் அமிலம் குறைவு, அதில் திரிவதும் குறையும். காபிக்கென்றே விற்கும் சில வகைகளில் திரியாமல் இருக்கப் பொட்டாசியம் பாஸ்பேட் சேர்க்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பட்டாணியிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுப்பதும் பெரும்பாலும் இந்தத் திரிதலை வைத்துத்தான். காய்ந்த மஞ்சள் பட்டாணியில் 20 முதல் 25 சதவீதம் வரை புரதம். அதை மாவாக்கி, லேசான காரநீரில் கலக்கினால் புரதம் கரைந்துவிடும். மாவுச்சத்தையும் நாரையும் ஒதுக்கிவிட்டு, அமிலம் சேர்த்து 4.5-க்குக் கொண்டுவந்தால் புரதம் திரிந்து அடியில் படியும். அதை மறுபடி நடுநிலைக்குக் கொண்டுவந்து உலர்த்தினால் 80 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள பொடி கிடைக்கும். இதுதான் ஐசோலேட். நடுநிலைக்குக் கொண்டுவரப் பொதுவாகச் சேர்ப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அந்தச் சோடியம் பொடியிலேயே தங்கிவிடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நாக்கில் உப்பு தெரியாது, ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் (டப்பாவோடு வரும் அளவுக் கரண்டி, சுமார் 30 கிராம்) 200, 300 மில்லிகிராம் சோடியம் இருப்பது சாதாரணம். நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்லும்போது, தினமும் இரண்டு கரண்டி என்றால் கணக்கு எங்கே போகும் பாருங்கள். உங்கள் டப்பாவின் பின்பக்கம் சோடியம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சரி, எல்லாப் பாக்கெட்டிலும் எதற்கு? பெரும்பாலான இடங்களில் அது சத்துக்காகச் சேர்க்கப்படுவதில்லை, வேலைக்காகச் சேர்க்கப்படுகிறது. புரத மூலக்கூறின் ஒரு பகுதி நீரை விரும்பும், இன்னொரு பகுதி எண்ணெயை விரும்பும். அதனால் முட்டையில்லாத மயோனைஸில் எண்ணெய்த் துளிகளைச் சுற்றி உறை போல நின்று, அவை மறுபடி ஒன்றுசேராமல் தடுக்கிறது. இறைச்சிக்குப் பதிலான உருண்டைகளிலும் சாசேஜ்களிலும் நீரையும் கொழுப்பையும் பிடித்துவைத்து, வேகும்போது அவை வெளியேறாமல் காக்கிறது. அடித்தால் நுரை பிடிக்கும், சூடாக்கினால் இறுகும்.

இறுகுவதில் மட்டும் கொஞ்சம் மந்தம். பட்டாணியில் விசிலின், லெகுமின் என்று இரண்டு முக்கியப் புரதங்கள் உண்டு. இறுக வேண்டுமானால் முதலில் சூட்டில் அவற்றின் மடிப்பு குலைய வேண்டும். விசிலின் 75 டிகிரிக்குச் சற்று மேலேயே குலைந்துவிடும், லெகுமினுக்கு 85-ஐத் தாண்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து கட்டுகிற ஜெல், சோயாப் புரதத்தின் ஜெல்லைவிடத் தளர்வானது. உலர்த்தும்போது பட்ட சூட்டில் ஏற்கெனவே பாதி குலைந்த பொடி என்றால் கரைவதும் குறைவு, அதனால்தான் சில பொடிகள் மணல் போல நாக்கில் உரசுகின்றன. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் அத்தகைய பாக்கெட்டுகளில் மெத்தில்செல்லுலோஸ், பிசின் வகைகள், மாவுச்சத்து என்று ஒரு பட்டியலே கூட வருகிறது. பச்சை வாடையை மறைக்க மணமூட்டி வேறு. நான் பயப்படச் சொல்வது பட்டாணிப் புரதத்தைப் பார்த்து இல்லை. அந்தப் பாக்கெட்டில் அதோடு சேர்ந்து வருகிற உப்பையும் கொழுப்பையும் பாருங்கள். ‘பட்டாணிப் புரதம் உள்ளது’ என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருந்தாலும், பின்பக்கம் 100 கிராமுக்குப் புரதம் 2 கிராம் என்று இருந்தால் அது அங்கே பசை வேலைதான் பார்க்கிறது.

வயிறு உப்புவதற்கு வருவோம். முழுப் பட்டாணியில் வாயு உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. ஐசோலேட் தயாரிக்கும்போது அவற்றில் பெரும்பகுதி நீரோடு போய்விடும். நீரே சேர்க்காமல், அரைத்த மாவைக் காற்றால் பிரித்துச் செய்யும் கான்சன்ட்ரேட்டில் புரதம் 50, 60 சதவீதம்தான், அந்தச் சர்க்கரைகளும் தங்கிவிடும். உங்களுடையது எது என்று பாருங்கள். ஐசோலேட்டாகவே இருந்தாலும் இனுலின் (ஒரு வகை நார்), எரித்ரிட்டால் (சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு), பிசின் ஏதாவது சேர்ந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அவற்றைத்தான். அரைக் கரண்டியில் ஆரம்பித்து, உணவோடு சேர்த்து எடுத்துப் பாருங்கள்.

கால் வலுவுக்கு உதவுமா என்றால், உதவலாம், ஆனால் பொடி தனியாக எதையும் செய்யாது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 161 இளைஞர்கள் 12 வாரம் எடைப் பயிற்சி செய்தார்கள். பட்டாணிப் புரதம் குடித்தவர்களின் கைத்தசை, மோர்ப்புரதம் (வே) குடித்தவர்களுடையதைப் போலவே தடித்தது. அவர்கள் இளைஞர்கள், பயிற்சி செய்தவர்கள் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் வயதில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் போதும், 60 கிலோ என்றால் 60 முதல் 72 கிராம். சாப்பாட்டிலேயே 50 கிராம் வந்துவிடுகிறது என்றால் அரைக் கரண்டிதான் தேவை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் செய்யாமல் பொடி மட்டும் குடித்துப் பயனில்லை. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், பட்டாணிப் புரதத்தில் லைசீன் தாராளம், மெத்தியோனின் குறைவு. தானியங்களில் இது தலைகீழ். அன்றைய உணவில் தானியமும் இருந்தால் சரியாகிவிடும், ஒரே வேளையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

பொடியைத் தொடர்வதற்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுங்கள். நெடுநாள் இரத்த அழுத்தம் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுத்திருக்கலாம். அப்படி இருந்தால் மேலே சொன்ன புரத அளவு உங்களுக்குப் பொருந்தாது, பொடியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காபிக்கான அந்தப் பொட்டாசியம் பாஸ்பேட் பாலும் அப்போது வேண்டாம். பட்டாணியில் இயற்கையாக உள்ள பாஸ்பரஸ் ஓரளவுதான் உடலில் சேரும், இப்படிச் சேர்த்தது ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும்.

பேரன் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பட்டாணி ஒன்றும் செய்வதில்லை. ஆனால் நிலக்கடலையில் ஒவ்வாமை தூண்டும் முக்கியப் புரதங்களில் ஒன்று பட்டாணியின் விசிலினுக்கு நெருங்கிய உறவு. சிலருக்கு இரண்டுமே ஆகாது. அளவும் ஒரு காரணம்: 100 கிராம் வேகவைத்த பட்டாணியில் 5 கிராம் அளவுக்குத்தான் புரதம், 30 கிராம் பொடியில் 24 கிராம். சமைத்த பட்டாணியைத் தாங்கியவன் பொடியையும் தாங்குவான் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் எச்சரிக்கை தர வேண்டிய 9 ஒவ்வாமைப் பொருள்களிலும் சரி, ஐரோப்பிய ஒன்றியத்தின் 14-லும் சரி, பட்டாணி கிடையாது. தடித்த எழுத்தில் இருக்கும் என்று நம்பாமல் முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும். ஒவ்வாமை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை உங்கள் பொடி, அந்த மயோனைஸ் எதுவும் அவன் தட்டில் வேண்டாம். அவரைப் பார்க்கப் போகும்போது, அவன் இதுவரை பட்டாணி, பருப்பு, கொண்டைக்கடலை எதையெல்லாம் எவ்வளவு சாப்பிட்டிருக்கிறான், அப்போது வாய் அரிப்பு, தடிப்பு, வாந்தி ஏதாவது வந்ததா என்று எழுதி எடுத்துப் போங்கள். இதற்கிடையில் எப்போதாவது உதடு வீங்கினாலோ, மூச்சு இரைந்தாலோ மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். கையில் அட்ரினலின் ஊசி இருந்தால் உடனே போட்டுவிட்டு அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.