டிராம் முந்தாது: சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் டிராம் தடம் போடுவது பற்றிய கேள்வி பதில்

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் என்பது நாமே ஊர் கட்டி நடத்தும் கணினி விளையாட்டு. அதன் முதல் பாகத்துக்கு டிராம் வந்தது 2016 பிப்ரவரியில், தனியாக வாங்க வேண்டிய ஸ்னோஃபால் விரிவாக்கத்தோடு. அன்றிலிருந்து நான் கட்டிய எல்லா நகரத்திலும் டிராம் ஓடுகிறது. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. தனியாகச் சொல்லாத இடங்களில் முதல் பாகத்தைத்தான் சொல்கிறேன்.

கே: அண்ணா, என் நகரத்தில் 40,000 பேர். பஸ் நிறுத்தங்களில் கூட்டம் தாங்கவில்லை. டிராம் போடுவதா, நேராக மெட்ரோவுக்குப் போய்விடுவதா?

ப: சாதாரண பஸ்ஸில் 30 பேர் ஏறலாம், டிராமில் 90, மெட்ரோவில் 180. ஆனால் இந்த எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கூட்டம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். ஏறியவர்கள் நாலைந்து நிறுத்தத்துக்குள் இறங்கிவிட்டால் டிராம் போதும். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகிறார்கள் என்றால் மெட்ரோ போடுங்கள். அந்த மெட்ரோ நிலையத்து வாசலுக்கு ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை டிராமுக்குக் கொடுங்கள்.

கே: மெயின் ரோட்டில் நான்கு டிராம் லைன் (வழித்தடம்) ஓடுகிறது. டிராம்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கின்றன, எதுவும் நகரவில்லை. இன்னும் டிராம் விட்டால் சரியாகுமா?

ப: தயவுசெய்து விடாதீர்கள், இன்னும் மோசமாகும். டிராமால் முன்னால் நிற்கும் டிராமை முந்த முடியாது. நெட்வொர்க் போடும்போது மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

எனக்கும் இதே நடந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரே நிறுத்தத்தில் நான்கு லைன் வைத்திருந்தேன். ஒருநாள் கேமராவை அந்தச் சந்திப்புக்குப் பக்கத்தில் இறக்கி, முதல் வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். பச்சை டிராம் ஆளை ஏற்றிக்கொண்டு நிற்கிறது. பின்னால் மஞ்சள். அதற்கும் பின்னால் இன்னொரு பச்சை, அதன் வால் சந்திப்பின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வால் ஒன்றுதான் குறுக்குச் சாலையில் லாரி, குப்பை வண்டி, ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் மறித்து வைத்திருந்தது.

இரண்டு லைனைத் தூக்கிப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றினேன். மாறி ஏற வேண்டியவர்கள் நடந்து போகட்டும், இந்த விளையாட்டின் மக்கள் நடக்க அலுத்துக்கொள்வதில்லை. அப்புறம் நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டித் தள்ளி வைத்தேன், நடுவில் மூன்று டிராம் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு. ஒரு தெருவில் இரண்டு லைன், அதற்கு மேல் வேண்டாம் என்பது அன்றிலிருந்து என் வழக்கம்.

கே: கடைசி நிறுத்தத்தில் டிராம் திரும்பும் இடத்தில் எப்போதும் நெரிசல். எப்படி வளைப்பது?

ப: முனையில் ஒரு தெருத்தொகுதியைச் சுற்றி ஒருவழி டிராம் பாதை போடுங்கள். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதுதான் முக்கியம். இடப்பக்கம் ஓட்டும் நகரம் என்றால் வலஞ்சுழியாக, கோயில் பிரகாரத்தை வலம் வருவது போல. உள்ளே போகிற டிராம் இடப்பக்கமாக நுழைந்து, சுற்றிவிட்டு, அடுத்த பக்கமாக வெளியே வரும். போகிறதும் வருகிறதும் குறுக்கிடாது. வலப்பக்கம் ஓட்டும் நகரத்தில் இடஞ்சுழி. மாற்றிப் போட்டால் வளையத்தின் வாயிலேயே ஒன்றுக்கொன்று வழி மறிக்கும்.

கே: சார், லைன் போட்டாச்சு, டிப்போவும் கட்டியாச்சு. ஒரு டிராம்கூட வரவில்லை.

ப: டிப்போவிலிருந்து லைன் வரைக்கும் தண்டவாளம் அறுபடாமல் போகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒரே ஒரு துண்டு சாதாரண சாலையாக இருந்தாலும் வராது. அது சரியாக இருந்தால், கடைசியாக முதல் நிறுத்தத்தையே சொடுக்கி லைனை மூடினீர்களா, டிப்போவுக்கு மின்சாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: பழைய மெட்ராஸ் டிராமை மீண்டும் கட்ட ஆசை. எங்கே தொடங்குவது?

ப: நல்ல ஆசை! 1895-ல் தொடங்கி 1953 வரை ஓடியது அது. மவுண்ட் ரோடு, பாரிமுனைப் பக்கமெல்லாம் போனது. புது வரைபடம் திறக்கும்போதே இடப்பக்கப் போக்குவரத்து என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள், அதில்தான் தொடங்க வேண்டும். ஊரைக் கட்டி முடித்தபின் மாற்ற விளையாட்டிலேயே வழி கிடையாது.

கே: கார்களோடு சேர்ந்து சிக்னலில் நின்றால் டிராம் வைத்து என்ன பயன்?

ப: நியாயமான கேள்வி. இதற்கு நான் பார்த்துக் கற்றுக்கொண்ட ஊர் சுவிட்சர்லாந்தின் சூரிக். 1962-லும் 1973-லும் பாதாள ரயில் திட்டங்களை அந்த ஊர் மக்கள் வாக்களித்து நிராகரித்தார்கள். தெருவில் இருக்கும் டிராமையே வேகமாக்குவது என்று முடிவாயிற்று. கார்களிடமிருந்து தடத்தைப் பிரித்தார்கள், டிராம் வந்தால் சிக்னல் வழிவிடும்படி செய்தார்கள்.

விளையாட்டில் டிராமுக்கென்று தானாக மாறும் சிக்னல் கிடையாது. ஆனால் போக்குவரத்துப் பாதைகள் பார்வையில் சந்திப்புகள் பகுதிக்குப் போனால் சிக்னலையே எடுத்துவிடலாம், பக்கத்துச் சாலைகளுக்கு மட்டும் நிறுத்தக் குறி வைக்கலாம். சின்னச் சந்திப்புகளில் இதுவே போதும். பெரிய சந்திப்பில் சாலையோடு சேராத தனித் தண்டவாளத்தை மேலே தூக்கிக் கடத்திவிடுங்கள். பணம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், ஆனால் நான் ஒருமுறைகூட வருந்தியதில்லை.

கே: இரவில் டிராம் காலியாக ஓடுகிறது, பணம் வீண்.

ப: லைனைச் சொடுக்கினால் பகல், இரவு, இரண்டும் என்று தேர்வு இருக்கும். ரயில் நிலையத்துக்கும் கேளிக்கைப் பகுதிக்கும் போகும் லைனை மட்டும் இரவில் விடுங்கள்.

கே: இரண்டாம் பாகத்தில் இதெல்லாம் பொருந்துமா?

ப: முந்த முடியாதது அங்கேயும் அப்படியேதான், அதனால் லைன்களைப் பிரிக்கும் விஷயம் முழுக்கப் பொருந்தும். 2023 அக்டோபரில் வந்த அந்தப் பாகத்தில் டிராமுக்குத் தனி விரிவாக்கம் வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்ட சாலை மேலேயே தண்டவாளத்தைப் பதித்துவிடலாம். அதனால் ஊர் வளர்ந்தபிறகும் லைனைப் பக்கத்துத் தெருவுக்கு மாற்றிப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம்.