எதை ஒத்திவைத்தீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மயிலாடுதுறைக்கு அருகே இளங்கலையும் அமெரிக்காவில் முதுகலையும் படித்தவன் நான். அங்குள்ள பல்கலைக்கழகத் தலைவர் பழைய மாணவர்களுக்குத் தவறாமல் கடிதம் அனுப்புகிறார். ஆராய்ச்சி, உதவித்தொகை, புதுக் கட்டடம் எல்லாமே முன்னுரிமை என்கிறார். முடிவில் நன்கொடை கேட்கிறார். நான் படிப்பதையே விட்டுவிட்டேன். நம் துணைவேந்தர்கள் இந்த அளவுக்குக்கூட எழுதுவதில்லையே, ஏன்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம் மாநில அரசுப் பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்குப் பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். பழைய மாணவர் சங்கமோ பல கல்லூரிகளில், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும் ஆண்டில்தான் நினைவுக்கு வருகிறது. உங்கள் கேள்விக்கு இதுவே போதும். ஆனால் படிக்காமலே ஒதுக்கினேன் என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்களை வளர்த்த இடத்திலிருந்து வரும் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். படிக்காதவருக்குக் கோபப்பட உரிமையில்லை.

எல்லாமே முன்னுரிமை என்றால் எதுவுமே முன்னுரிமை இல்லை என்பதை நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். ஒன்றை முன்னே வைப்பவர், எதைப் பின்னே வைத்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பின்னாளில் அமெரிக்க அதிபரான உட்ரோ வில்சன், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த 1907இல், மேல்வகுப்பு மாணவர்களின் உணவுக் கழகங்களுக்குப் பதிலாக அனைவரும் சேர்ந்து வாழும் விடுதி வளாகங்களை அமைக்கப்போவதாக அறிவித்தபோது, அக்கழகங்களில் உண்டு வளர்ந்த பழைய மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். அக்டோபரில் அறங்காவலர்கள் தங்கள் ஆதரவை விலக்கிக்கொண்டார்கள். அவர் தோற்றார். ஆனால் எதைக் கைவிடப் போகிறார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

1977 நவம்பரில் நாகப்பட்டினத்தைப் புயல் தாக்கியபோது நான் பம்பாயில் வேலையில் இருந்தேன். சில வாரங்களில் என் கல்லூரி முதல்வரிடமிருந்து ஓர் இன்லேண்டு கடிதம் வந்தது. நீல மையில், மடிப்பின் ஓரம்வரை நெருக்கி, தம் கையாலேயே எழுதியிருந்தார். நூலகக் கூரை பறந்துவிட்டது, நனைந்த புத்தகங்களைத் தாழ்வாரத்தில் பிரித்து உலர்த்துகிறோம், இந்த ஆண்டு விடுதிச் சுவரையும் விளையாட்டுத் திடலையும் தொடப்போவதில்லை, இருக்கும் பணம் முழுவதும் நூலகத்துக்கே, இது தவறென்று பட்டால் எழுது, சரியென்று பட்டால் பொங்கலுக்கு வா என்பதே அதன் சாரம். விடுதியில் தங்கிப் படித்தவன் என்பதால் எனக்கு வருத்தம்தான், அதை எழுதினேன். அவரும் பதில் எழுதினார், தம் முடிவை மாற்றாமல். பொங்கலுக்குப் போனேன். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து கிண்டி, நான்கு நாள்கள் அவரும் நாங்களும் தரையில் அமர்ந்து பைண்டு செய்தோம். அந்தப் பசை வாசனை இப்போதும் என் நினைவில் இருக்கிறது.

அந்தக் கடிதத்தில் நன்கொடை என்ற சொல்லே இல்லை. ஆயினும் அதன்பின் எந்த ஆண்டும் நான் பணம் அனுப்பத் தவறியதில்லை.

உங்கள் தலைவரின் அடுத்த கடிதத்தை முழுவதும் படியுங்கள். இவ்வாண்டு எதை ஒத்திவைத்தீர்கள் என்று ஒரே ஒரு வரி எழுதிக் கேளுங்கள். அதே வரியை மயிலாடுதுறைப் பக்கத்து முதல்வருக்கும் தமிழில் அனுப்புங்கள். இத்தனை ஆண்டுகளில் நீங்கள் அவருக்கு ஒரு வரியும் எழுதியதாகத் தெரியவில்லை. யார் முதலில் பதில் எழுதுகிறார் என்பதை எனக்குத் தெரிவியுங்கள்.

அன்புடன்.