வாசகர் கேள்வி பதில்: பென் ட்ரைவில் இருந்தே இயங்கும் மென்பொருள்கள்

கேள்வி: நான் கற்பிக்கும் பாடசாலையின் கணினி அறையில் எந்த மென்பொருளையும் புதிதாக நிறுவ முடியாதபடி நிர்வாகிக் கடவுச்சொல் இடப்பட்டிருக்கிறது. வீட்டில் தயாரிக்கும் வினாத்தாள்களை அங்கே திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதறிவிடுகின்றன. கல்லடியில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்கப் போனால் வேறு விதமாகச் சிதறுகின்றன. எனது மடிக்கணினியில் உள்ள மென்பொருளின் கோப்புறையை அப்படியே பென் ட்ரைவில் பிரதி செய்துகொண்டு போனேன், இயங்கவில்லை. நிறுவாமலே இயங்கும் மென்பொருள்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவை எவ்வாறு இயங்குகின்றன?
– ஆசிரியை, கொக்கட்டிச்சோலை

பதில்: நீங்கள் பிரதி செய்த கோப்புறை இயங்காமல் போனதற்கான காரணத்தை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கிவிடும். வழக்கமான ஒரு மென்பொருளை விண்டோஸில் நிறுவும்போது அதன் கோப்புகள் ஒரே இடத்தில் வைக்கப்படுவதில்லை. முதன்மைக் கோப்புகள் புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்கும், பொதுவாகப் பயன்படும் துணைக் கோப்புகள் விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளுக்கும், உங்கள் விருப்பத் தெரிவுகள் உங்கள் பயனர் கணக்கின் ஆப் டேட்டா கோப்புறைக்கும் செல்கின்றன. இவை எங்கே இருக்கின்றன என்ற விபரங்கள் ரெஜிஸ்ட்ரி எனப்படும் விண்டோஸின் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. நீங்கள் எடுத்துச் சென்றது இவற்றில் ஒரு பகுதியை மாத்திரமே.

கையடக்க மென்பொருள், அதாவது போர்ட்டபிள் மென்பொருள், தனக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே கோப்புறைக்குள் வைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது. ஜோன் ஹாலர் என்பவர் 2004ஆம் ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை இவ்வாறு மாற்றியமைத்து வெளியிட்டார். அந்த முயற்சியே பின்னர் போர்ட்டபிள்ஆப்ஸ் என்ற இலவசத் திட்டமாக வளர்ந்தது. அங்கிருந்து பெறும் ஒவ்வொரு மென்பொருளின் கோப்புறையிலும் ‘ஆப்’ என்றும் ‘டேட்டா’ என்றும் இரண்டு உட்கோப்புறைகளைக் காண்பீர்கள். முதலாவதில் மென்பொருளும் இரண்டாவதில் உங்கள் தெரிவுகளும் இருக்கும். மென்பொருளைத் திறப்பதற்கென இணைக்கப்பட்டுள்ள சிறிய தொடக்கி, உங்கள் தெரிவுகளை அதற்குக் கொடுத்து, வேலை முடிந்து மூடும்போது மாற்றங்களை மீண்டும் பென் ட்ரைவிலேயே சேர்த்துவிடுகிறது. வீட்டில் ‘ஈ’ என்ற எழுத்துடன் தோன்றும் பென் ட்ரைவ் பாடசாலையில் ‘ஜி’ என்ற எழுத்துடன் தோன்றினாலும் பாதைகளை அந்தத் தொடக்கியே திருத்திக்கொள்கிறது.

உங்கள் தேவைக்கு லிப்ரே ஆபிஸ் போர்ட்டபிள் போதுமானது. வினாத்தாள், புள்ளிப் பட்டியல், வகுப்பறைக் காட்சிவில்லைகள் ஆகிய மூன்றையும் அதிலேயே செய்யலாம். 16 ஜிகாபைட் பென் ட்ரைவில் இதை வைத்த பிறகும் தாராளமாக இடம் இருக்கும். ஆனால் முதலில் பாடசாலைக் கணினிகளில் உள்ள விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். லிப்ரே ஆபிஸின் 25.8ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7க்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. பழைய கணினிகளாயின் அதற்கு முந்திய பதிப்பு ஒன்றையே எடுக்க வேண்டும்.

எழுத்துகள் சிதறுவது தனியான ஒரு பிரச்சினை. உங்கள் வினாத்தாள்கள் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவையாக இருக்கக்கூடும். அந்த எழுத்துருவில் உள்ள கோப்புக்குள் உண்மையில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தற்குறிகளும்தான். பாமினி இருக்கும் கணினி அவற்றைத் தமிழ் வடிவில் வரைந்து காட்டுகிறது, இல்லாத கணினி உள்ளதை உள்ளபடியே காட்டிவிடுகிறது. லிப்ரே ஆபிஸ் போர்ட்டபிள் கோப்புறைக்குள் ஆப், லிப்ரே ஆபிஸ், ஷேர், ஃபாண்ட்ஸ், ட்ரூடைப் என்று வரிசையாகத் திறந்து, உங்கள் எழுத்துருக் கோப்பை அங்கே பிரதி செய்தால், விண்டோஸில் நிறுவாமலே அந்த மென்பொருள் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். எனினும் இனிமேல் தயாரிப்பவற்றை யுனிகோட்டில், அதாவது தமிழ் எழுத்துகளைத் தமிழ் எழுத்துகளாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையில், தட்டச்சுச் செய்யும்படி உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். எழுத்துரு இல்லை என்பதற்காக வருடக்கணக்கான உழைப்பு திறக்க முடியாத கோப்பாகக் கிடப்பதை நமது பாடசாலைகளில் நான் பல தடவை கண்டு வருந்தியிருக்கிறேன். பிரின்ட் எடுக்கக் கடைக்குக் கொண்டுபோகும் பிரதியை மாத்திரம் பி.டி.எஃப் ஆக மாற்றிக்கொள்ளுங்கள். பி.டி.எஃப் கோப்பு எழுத்துருவைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் எந்தக் கடையில் திறந்தாலும் வினாத்தாள் நீங்கள் வடிவமைத்தபடியே வரும்.

நிர்வாகிக் கடவுச்சொல் இன்றி இயங்குகிறது என்பதற்காக அனுமதி தேவையில்லை என்று கருதிவிடக் கூடாது. கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியரிடமும் அதிபரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள். சில அலுவலகங்களில் பென் ட்ரைவிலிருந்து எந்த மென்பொருளும் இயங்காதபடி தடை இட்டிருப்பார்கள். அங்கே அதற்கு மாற்று வழி தேட வேண்டாம்.

கேள்வி: என்னிடம் சொந்தக் கணினி இல்லை. கல்முனையில் ஒரு கடையில் மணித்தியாலக் கட்டணம் கொடுத்தே வேலைக்கான விண்ணப்பங்களை அனுப்புகிறேன். பென் ட்ரைவில் உள்ள உலாவியைப் பயன்படுத்தினால் எனது கடவுச்சொற்கள் அந்தக் கணினியில் தங்காது என்கிறான் நண்பன். அதை நம்பலாமா?
– வேலை தேடும் பட்டதாரி, பாண்டிருப்பு

பதில்: பாதியை நம்பலாம். ஃபயர்ஃபாக்ஸ் போர்ட்டபிள் நீங்கள் பார்த்த பக்கங்களின் வரலாற்றையும் சேமித்த கடவுச்சொற்களையும் பென் ட்ரைவில்தான் எழுதுகிறது. ஆகவே உங்களுக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்பவர் கடையின் உலாவியைத் திறந்து உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைய முடியாது. ஆனால் எந்த யூ.எஸ்.பி சாதனம் செருகப்பட்டது, எந்த நிரல் இயக்கப்பட்டது என்ற குறிப்புகளை விண்டோஸ் தன்னிடம் வைத்துக்கொள்ளும். ‘சுவடே இல்லை’ என்ற விளம்பரம் சரியானதல்ல.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் களவாகப் பதிவு செய்யும் நிரல் அந்தக் கணினியில் இருந்தால், உலாவி யாருடையது என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கடைக்காரர் நேர்மையானவராக இருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் வந்துபோகும் வாடிக்கையாளர்களின் பென் ட்ரைவ்கள் எதைக் கொண்டுவந்தன என்பதை அவராலும் அறிய முடியாது. மென்பொருளை நாம் கொண்டுபோகலாம், அதை இயக்கும் கணினியின் தூய்மையைக் கொண்டுபோக முடியாது என்பதை நான் எழுத்துக்கு எழுத்து வலியுறுத்த விரும்புகிறேன். விண்ணப்பத்தைப் பென் ட்ரைவில் உள்ள மென்பொருளால் கடையில் தயாரியுங்கள். மின்னஞ்சலில் அனுப்புவதை உங்கள் கையடக்கத் தொலைபேசியில் செய்யுங்கள். வங்கிக் கணக்கை அந்தக் கணினியில் ஒருபோதும் திறக்க வேண்டாம். மின்னஞ்சலுக்கு இரண்டு படிச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லுக்குப் பிறகு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் வசதியை, இன்றே ஏற்படுத்திக்கொண்டால், கடவுச்சொல் களவுபோனாலும் அதை மாத்திரம் வைத்து எவரும் உள்ளே வருவது கடினமாகிவிடும்.

இன்னுமொன்று. ஃபயர்ஃபாக்ஸில் கடவுச்சொற்களைச் சேமித்தால் அமைப்புப் பகுதியில் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றையும் இட வேண்டும். இடாவிட்டால், பஸ்ஸில் உங்கள் பென் ட்ரைவைக் கண்டெடுத்தவர் அவை அனைத்தையும் வாசித்துவிடலாம். குரோம் உலாவியின் நிலை வேறு: அது கடவுச்சொற்களை அந்தந்தக் கணினியின் விண்டோஸ் பயனர் கணக்குடன் பிணைத்துப் பூட்டுவதால், இன்னொரு கணினியில் அவை திறப்பதில்லை. பல கடவுச்சொற்களை வைத்திருப்பவர்களுக்கு, அவற்றை ஒரே இடத்தில் பூட்டிச் சேமித்துவைக்கும் கீபாஸ் என்ற இலவச மென்பொருளை எடுத்துச் சொல்வேன்; அதன் பென் ட்ரைவ் வடிவத்தை அதன் உருவாக்குநர்களே வழங்குகிறார்கள்.

கேள்வி: எனது பென் ட்ரைவில் 64 ஜிகாபைட் இடம் உண்டு. இருந்தும் ஃபயர்ஃபாக்ஸ் திறப்பதற்குள் தேநீர் குடித்து முடித்துவிடலாம். பென் ட்ரைவில்தான் பிழையா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: கொள்ளளவு வேறு, வேகம் வேறு. யூ.எஸ்.பி 2.0 விநாடிக்கு 480 மெகாபிட், யூ.எஸ்.பி 3.0 விநாடிக்கு 5 ஜிகாபிட் என்ற உச்ச வேகங்களுக்காக வகுக்கப்பட்டவை. உங்கள் பென் ட்ரைவ் எந்த வகை என்பதோடு, கணினியில் அதை எந்தத் துளையில் செருகுகிறீர்கள் என்பதையும் பாருங்கள், 3.0 துளையின் உட்புறம் பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும். அதைவிட முக்கியமாக, ஒரு திரைப்படத்தைப் பிரதி செய்வதும் ஒரு மென்பொருளை இயக்குவதும் பென் ட்ரைவுக்கு ஒரே மாதிரியான வேலை அல்ல. உலாவியானது ஆயிரக்கணக்கான சிறிய கோப்புகளைத் தொடர்ந்து வாசித்தும் எழுதியும் கொண்டிருக்கும், அந்த வேலையில் மலிவான பென் ட்ரைவ்கள் மிகவும் பின்தங்கிவிடுகின்றன. பென் ட்ரைவின் நினைவகக் கலங்களில் எத்தனை தடவை எழுதலாம் என்பதற்கு ஓர் எல்லையும் உண்டு. ஃபயர்ஃபாக்ஸின் தற்காலிகச் சேமிப்பை நிறுத்திவைத்தால் வேகமும் சற்றுக் கூடும், ஆயுளும் நீளும். தினமும் இதிலேயே வேலை செய்பவராயின் யூ.எஸ்.பி மூலம் இணைக்கும் சிறிய எஸ்.எஸ்.டி (பென் ட்ரைவைவிட வேகமான சேமிப்புச் சாதனம்) ஒன்றுக்குச் செலவிடும் பணம் வீண்போகாது.

கொள்ளளவும் உண்மையானதா என்று சோதித்துப் பாருங்கள். சந்தையில் விற்கப்படும் சில பென் ட்ரைவ்கள் மேலே எழுதியிருக்கும் அளவில் சிறு பகுதியையே உண்மையில் கொண்டிருக்கும். அந்த எல்லை கடந்ததும் புதிய கோப்புகள் எழுதப்பட்டதாகக் காட்டி அழிந்துபோகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சிறிய நிரல், பென் ட்ரைவ் முழுவதையும் எழுதி நிரப்பி மீண்டும் வாசித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். அதுவும் நிறுவத் தேவையில்லாத நிரலே. கடற்கரையோரம் வசிப்பவர் என்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும், மூடியைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: கடை ஒன்றில் செருகி எடுத்த பிறகு பென் ட்ரைவில் எனது கோப்புறைகளைக் காணவில்லை, அவற்றின் இடத்தில் குறுக்குவழிகள் மட்டுமே இருக்கின்றன. அழித்து மீள ஒழுங்கமைத்துவிடவா (ஃபோர்மட் செய்யவா)?
– உயர்தர மாணவி, ஏறாவூர்

பதில்: தயவுசெய்து இப்போது அழிக்க வேண்டாம் மகள். குறுக்குவழி எதையும் இரட்டைச் சொடுக்கு செய்யவும் வேண்டாம். அதைத் திறப்பதுதான் வைரஸை உங்கள் கணினிக்குள் அழைத்துவரும் வழி. கோப்புகள் பெரும்பாலும் அங்கேயே மறைக்கப்பட்ட நிலையில் இருக்கும், சில சமயம் பெயரற்ற ஒரு கோப்புறைக்குள் தள்ளப்பட்டிருக்கும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட நிலையில் உள்ள கணினி ஒன்றில் முதலில் பென் ட்ரைவைச் சோதியுங்கள். பின்னர் கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் 7-ஜிப் மென்பொருளின் கோப்பு மேலாளரைத் திறந்து அதன் வழியாகப் பென் ட்ரைவுக்குள் செல்லுங்கள். அது மறைக்கப்பட்டவற்றையும் காட்டும். பாடக் குறிப்புகளையும் படங்களையும் மாத்திரம் கணினியில் புதிதாக உருவாக்கிய ஒரு கோப்புறைக்குப் பிரதி செய்துவிட்டு, அதன் பிறகு பென் ட்ரைவை மீள ஒழுங்கமையுங்கள். அதிலிருந்த கையடக்க மென்பொருள்களைக் காப்பாற்ற முயல வேண்டாம், அவற்றுள் வைரஸ் ஒட்டியிருக்கக்கூடும். உரிய இடத்திலிருந்து புதிதாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

பென் ட்ரைவைச் செருகியதும் நிரல் தானாக இயங்கும் வசதியை 2008இல் பரவிய கொன்ஃபிக்கர் போன்ற தீநிரல்கள் பயன்படுத்திக்கொண்டன. விண்டோஸ் 7இல் அந்த வசதி பென் ட்ரைவ்களுக்கு நிறுத்தப்பட்டது. முந்திய பதிப்புகளுக்கும் 2011இல் நிறுத்தப்பட்டது. அதன் பின்னர் இத்தகைய வைரஸ்களுக்கு நமது சொடுக்கு ஒன்று தேவைப்படுகிறது. அதனால்தான் அவை நமக்குப் பழக்கமான கோப்புறையின் பெயரையும் உருவையும் பூண்டு வருகின்றன.

கேள்வி: ‘போர்ட்டபிள் ஃபோட்டோஷொப்’ என்று நண்பர் ஒருவர் தந்தார். பயன்படுத்தலாமா?
– வாழைச்சேனை

பதில்: வேண்டாம். ஃபோட்டோஷொப்பை அதன் நிறுவனம் அவ்வாறு வழங்கவில்லை. அது உரிமம் உடைக்கப்பட்ட பிரதி, உடைத்தவர் உள்ளே வேறு என்ன வைத்தார் என்பதை உங்களால் அறிய முடியாது. படங்களைத் திருத்த உதவும் கிம்ப், வரைய உதவும் இங்க்ஸ்கேப் ஆகியவற்றின் கையடக்க வடிவங்கள் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கின்றன.

கேள்வி: வேலை முடிந்ததும் பென் ட்ரைவை அப்படியே உருவி எடுத்துவிடுகிறேன். இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ‘பாதுகாப்பாக அகற்று’ என்பது உண்மையிலேயே அவசியமா?
– பட்டதாரிப் பயிலுனர், திருக்கோவில்

பதில்: 2018ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, பென் ட்ரைவில் எழுத வேண்டியதைத் தாமதிக்காமல் எழுதிவிடும் முறையே இயல்பாக அமைந்துள்ளது. கோப்புகளைப் பிரதி செய்து முடித்து உருவுபவர்களுக்கு அதனால் பெரும்பாலும் பாதிப்பு வருவதில்லை. கையடக்க மென்பொருளை இயக்குபவருக்கு அது பொருந்தாது. உலாவி திறந்திருக்கும் ஒவ்வொரு கணமும் தனது தரவுத்தளத்தை எழுதிக்கொண்டிருக்கிறது. இடையில் உருவினால் உங்கள் புத்தகக்குறிகளும் தெரிவுகளும் பழுதடையலாம். பென் ட்ரைவில் கோப்புகள் ஒழுங்குபடுத்தப்படும் முறைகளான எஃப்.ஏ.டி 32, எக்ஸ்ஃபேட் ஆகிய வடிவங்களில், என்.டி.எஃப்.எஸ் வடிவத்தில் இருப்பதுபோல், இடையில் நின்றுபோன எழுதும் வேலையைச் சீர்செய்ய உதவும் குறிப்பேடு இல்லை.

எனக்கே இது நேர்ந்திருக்கிறது. மாரி மழை நாளொன்றில், ஒரு சிறு நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் பென் ட்ரைவில் வைத்தே திருத்திக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மீண்டும் வந்தபோது அந்தக் கோப்பு திறக்கவில்லை. வேறு பிரதி இல்லாததால் ஏறத்தாழ மூன்று வார வேலையைத் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து, வேலையைத் தொடங்கும் முன் கோப்பின் பிரதியொன்றைத் திகதியிட்டு வேறு இடத்தில் வைத்துவிட்டே பென் ட்ரைவில் உள்ளதைத் திறக்கிறேன்.

நீங்கள் முதலில் மென்பொருளை மூடுங்கள். பென் ட்ரைவில் விளக்கு இருந்தால் அது சிமிட்டுவது நிற்கட்டும். பின்னர் ‘பாதுகாப்பாக அகற்று’ என்பதைச் சொடுக்குங்கள். சாதனம் இன்னும் பயன்பாட்டில் உள்ளது என்று விண்டோஸ் மறுத்தால் ஏதோ ஒரு நிரல் பின்னால் திறந்தே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் கணினியை முழுமையாக நிறுத்தி, திரை அணைந்த பிறகு கழற்றுங்கள்.