யுனிவர்சல் டிக்கெட்டுக்கு மட்டும் 46,000 ரூபாயா?

கேள்வி: நாங்கள் திருச்சி. கணவர், நான், 12 வயது மகன், மூன்றரை வயது மகள், 66 வயது மாமியார் என ஐந்து பேர் சிங்கப்பூர் போகிறோம். உட்லண்ட்ஸில் நாத்தனார் வீட்டில் தங்குவதால் ஹோட்டல் செலவு இல்லை. ஆனால் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பொழுதுபோக்குப் பூங்காவுக்கு மட்டும், ஐந்து பேருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் (நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரி ஏறும் சீட்டு) சேர்த்து 46,000 ரூபாய் என்கிறார் டிராவல் ஏஜென்ட். மே மாதம் போவதா, காலாண்டு விடுமுறையில் போவதா என்பதும் இன்னும் முடிவாகவில்லை. ஜூலையில் மகனுக்கு 13 ஆகிறது, ஆகஸ்டில் மகளுக்கு 4. நாத்தனார் அங்கே பிஆர் (நிரந்தரவாசி), அவர் பெயரில் உள்ளூர் விலைக்கு டிக்கெட் எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். முடியுமா?

பதில்: உங்கள் ஏஜென்ட் ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் பாருங்கள், முதல் ஓட்டை அங்கேதான். யுனிவர்சலில் 4 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட்டே கிடையாது. டிக்கெட்டே வேண்டாத குழந்தைக்கு எக்ஸ்பிரஸ் பாஸும் சேர்த்து விற்கிறார் என்றால், ஒன்று அவருக்கு விதி தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். 4 முதல் 12 வரை குழந்தை விலை, 13 ஆகிவிட்டால் பெரியவர் விலை. பார்க்குக்குள் நுழைகிற நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு.

அதனால் மேயா காலாண்டு விடுமுறையா என்ற கேள்விக்கு இங்கேயே பாதி பதில் வந்துவிட்டது. டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும். கணக்குக்காகப் பெரியவருக்கு 80 சிங்கப்பூர் டாலர், குழந்தைக்கு 60, டாலருக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மே மாதம் போனால் மகன் குழந்தை விலையில் போகிறான், மகளுக்குக் காசு இல்லை. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ போனால் மகனுக்கு 20 டாலர் கூடுகிறது, மகளுக்குப் புதிதாக 60 டாலர். ஆக 80 டாலர், அதாவது 5,600 ரூபாய். தேதியை மாற்றுவதால் மட்டும் ஒரு முழு டிக்கெட் காசு கையில் நிற்கிறது. எந்தக் கூப்பனும் இந்த அளவுக்குக் குறைத்துத் தராது. விமானக் கட்டணத்தில் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் மறுபடி யோசியுங்கள்.

மேயிலும் எந்த நாள் என்பது முக்கியம். சிங்கப்பூர் பள்ளிகளுக்கு மே கடைசியில் தொடங்கி ஜூன் மாதம் விடுமுறை. நம் ஊரில் ஏப்ரல் கடைசியிலேயே பிள்ளைகள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இடைப்பட்ட மே முதல் மூன்று வாரம், அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது நீங்கள் பார்க்கில் இருக்கலாம். செவ்வாய், புதன் மாதிரி வேலை நாளாகப் பாருங்கள். மே தினம், விசாக தினம் போன்ற பொது விடுமுறைகளையும் அதை ஒட்டிய நாட்களையும் விட்டுவிடுங்கள்.

கூட்டம் குறைந்த நாளில் போனால் எக்ஸ்பிரஸ் பாஸ் தேவையா என்ற கேள்வி வரும். எக்ஸ்பிரஸ் என்பது நுழைவுச் சீட்டுக்கு மேல் தனிக் காசு, அதுவும் சாதாரண எக்ஸ்பிரஸ் என்றால் ஒரு சவாரிக்கு ஒரு தடவைதான். என் அண்ணன் குடும்பத்தோடு போனபோது நான்கு பேருக்கும் வாங்கினோம், புத்திசாலித்தனமாக. மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். அண்ணன் மகளுக்கு நாலைந்து சென்டிமீட்டர் குறைவு. அண்ணி கைப்பையிலிருந்து ரப்பர் பேண்ட் எடுத்து உச்சந்தலையில் ஒரு கொண்டை போட்டு நிறுத்தினார். அளவுகோலோடு நின்ற பெண் சிரித்துக்கொண்டே பலகையால் அந்தக் கொண்டையை ஒரு அழுத்து அழுத்தினாள், அவ்வளவுதான். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்ற இன்னொரு ரோலர் கோஸ்டருக்கு 125 வேண்டும், அதனால் அங்கேயும் அவள் வெளியே. அண்ணியோ எதிலும் ஏறவே மாட்டேன் என்று ஐஸ்கிரீமோடு உட்கார்ந்துவிட்டார். நான்கு பாஸில் உருப்படியாகப் பயன்பட்டது இரண்டு.

ஆகவே கிளம்பும் முன்பே வீட்டுச் சுவரில் மகனை நிறுத்தி உயரத்தை அளந்துவிடுங்கள். 125-க்கு மேல் என்றால் கவலையில்லை, அவனும் அப்பாவும் எல்லாவற்றிலும் ஏறலாம். அவர்களுக்குமே எக்ஸ்பிரஸ் வாங்க நான் சொல்ல மாட்டேன். பெரிய சவாரிகள் சிலவற்றில் தனியாக வருபவர்களுக்கென்று ஒரு வரிசை உண்டு, பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைக்காதே தவிர காசு இல்லாமல் சீக்கிரம் போய்விடலாம். குழந்தையோடு வருபவர்களுக்கு இன்னொரு வசதி: கணவர் ஏறும்போது நீங்கள் மகளோடு காத்திருந்து, அவர் இறங்கியதும் வரிசையில் மறுபடி முதலிலிருந்து நிற்காமல் நீங்கள் ஏறலாம். வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேட்டால் சொல்வார். அன்றைக்குக் கூட்டம் தாங்கவில்லை என்றால் உள்ளே போன பிறகும், மீதம் இருந்தால், எக்ஸ்பிரஸ் வாங்கலாம். வீட்டில் இருந்தபடியே ஐந்து பேருக்கு வாங்கி வைக்க வேண்டியதில்லை.

அடுத்தது மாமியார். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விலை கணிசமாகக் குறைவு, அவர் வருவதானால் சீனியர் என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். ஆனால் அவரையே ஒரு வார்த்தை கேளுங்கள். மாமியாரை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறானே என்று கோபப்பட வேண்டாம். பெற்ற மகளை எத்தனையோ நாள் கழித்துப் பார்க்கப் போகிறவருக்கு, வெயிலில் நாள் முழுக்க நடப்பதைவிட மகளோடு தேக்கா சந்தைக்குப் போய்விட்டு அப்படியே சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனையும் கும்பிட்டு வருவது பிடிக்கலாம். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது மூன்றே டிக்கெட்: 220 டாலர், ஏறக்குறைய 15,400 ரூபாய். ஏஜென்ட் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. மாமியார் வந்தாலும் 20,000-ஐத் தாண்டாது.

நாத்தனார் பெயரில் உள்ளூர் விலைக்கு எடுப்பதை மறந்துவிடுங்கள். அந்தச் சலுகை டிக்கெட்டை வாங்குகிறவருக்கு இல்லை, உள்ளே போகிறவருக்கு. வாசலில் அடையாள அட்டை கேட்டால் ஐந்து பேரும் விழிக்க வேண்டியதுதான், அப்புறம் புதிதாக முழு விலை கொடுக்க வேண்டும். டெலிகிராமிலும் பழைய பொருள் விற்கும் ஆப்களிலும் பாதி விலைக்குக் கிடைக்கும் டிக்கெட் பக்கமும் போகாதீர்கள். கியூஆர் கோடு ஒரு தடவைதான் வேலை செய்யும், அதே படத்தை அவர் பத்துப் பேருக்கு விற்றிருந்தால் முதலில் வந்தவருக்கு மட்டும் கதவு திறக்கும். பார்க்கின் சொந்தத் தளம், க்ளூக் மாதிரி அதிகாரபூர்வ விற்பனையாளர்கள், இந்த இரண்டில் எது குறைவோ அதில் வாங்குங்கள். வித்தியாசம் சில டாலர்தான் இருக்கும், அதற்காக இரண்டு நாள் உட்கார்ந்து தேட வேண்டாம். விசா கைக்கு வரும் முன் தேதி போட்ட டிக்கெட்டை வாங்கவே வாங்காதீர்கள், விசா தள்ளிப்போனால் அந்தக் காசு திரும்பி வராது.

பணம் கட்டும்போது ஒரு சின்ன ஓட்டை உண்டு. பெரும்பாலான கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% மார்க்கப் என்று கூடுதல் கட்டணம், அதன் மேல் 18% ஜிஎஸ்டி, ஆக 4.13%. 15,400-க்கு 636 ரூபாய். மார்க்கப் இல்லாத கார்டு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தளம் விலையை ரூபாயில் காட்டினாலும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானது என்றால் சில வங்கிகள் தனிக் கட்டணம் பிடிக்கும், வங்கியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே கடையில் கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா சிங்கப்பூர் டாலரா என்று கேட்கும். டாலர் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை உங்கள் தலையில் அவர்கள் வைத்த விலைக்குக் கட்டிவிடுவார்கள். ஏஜென்ட் பேக்கேஜில் டிசிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை போட்டால் பதற வேண்டாம், அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

விலங்குக் காட்சிசாலைக்கும் போவீர்கள் என்று நினைக்கிறேன், உட்லண்ட்ஸிலிருந்து மண்டாய் பக்கம்தான். அங்கே குழந்தை விலை 3 வயதிலேயே தொடங்கிவிடுகிறது, மகளுக்கும் டிக்கெட் வேண்டும். பறவைகள் பூங்காவோ நைட் சஃபாரியோ சேர்த்துப் பார்ப்பதானால் தனித்தனியாக வாங்காமல் கூட்டு டிக்கெட்டின் விலையைப் பாருங்கள். ஆனால் மூன்றரை வயதுக் குழந்தையோடு ஒரே நாளில் இரண்டு பூங்கா என்பது காகிதத்தில்தான் மலிவு. சாயங்காலத்துக்குக் கார்டன்ஸ் பை தி பேயில் சூப்பர்ட்ரீ விளக்குக் காட்சி இருக்கிறது, 7.45-க்கும் 8.45-க்கும், காசு கிடையாது.

யுனிவர்சல் இருக்கும் செந்தோசா தீவுக்கு விவோசிட்டி மாலிலிருந்து மோனோரயிலில் போனால் தலைக்கு 4 டாலர், திரும்பி வரும்போது இலவசம். நடைபாதையில் போனால் போகும்போதும் இலவசம், மேலே கூரை உண்டு, நகரும் நடைமேடையும் இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கால் மணி நேரத்துக்குள் பார்க் வாசலுக்கு வந்துவிடலாம். காலிக் குடிநீர் பாட்டிலை எடுத்துப் போய் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். மழைக்கும் ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கும் சேர்த்து, திருச்சி பெரிய கடை வீதியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் ரெயின்கோட் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.