அம்மம்மாவின் கல்வெட்டில் எதை எழுதுவது?

கேள்வி: என் அம்மம்மா இரண்டு கிழமைக்கு முன் 91ஆவது வயதில் தவறிவிட்டார். ஆசிரியையாக இருந்தவர். 1990 இடம்பெயர்வில் முகாமுக்குள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கி, பிறகு உளவளத்துணைப் (கவுன்சிலிங்) பயிற்சி பெற்று, 85 வயது வரை அந்த வேலையைச் செய்தார். சுனாமிக்குப் பிறகு கிண்ணியா, மூதூர் என்று அலைந்து எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருந்தவர். 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு, அதாவது நினைவு மலர், எழுதும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். பதவிகளையும் பரிசுகளையும் போடச் சொல்கிறார் மாமா. அலுமாரியில், தன்னிடம் வந்தவர்கள் சொன்னதை அவர் எழுதி வைத்த கொப்பிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பெயர்களை எடுத்துவிட்டு அவற்றிலிருந்து சில கதைகளைப் போடலாமா? என் அம்மாவோ, "ஊருக்கெல்லாம் காது குடுத்தா, எனக்கு மட்டும் நேரமில்லை. உன்ர அப்பா செத்த வருஷமும் கிண்ணியாவுக்குத்தான் போனா" என்று இரவில் அழுகிறார். இதை எழுதுவதா, மறைப்பதா? எல்லாரும் "கலியாணச் சாவு, அழக்கூடாது" என்கிறார்கள். எனக்கோ அழுகை நிற்கவில்லை.
பேத்தி, உப்புவெளி

பதில்: பிள்ளை, முதலில் அந்தக் கொப்பிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவற்றைத் திறக்க வேண்டாம். ஏற்கெனவே சில பக்கங்களை வாசித்திருந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள், வாசித்ததை வீட்டிலும் சொல்ல வேண்டாம்.

பெயரை எடுத்தால் போதும்தானே என்று கேட்கிறீர்கள். திருகோணமலையில் போதாது. 'மூன்று பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தையல்காரத் தாய்' என்று ஒரு வரி எழுதுங்கள், மூதூருக்குப் போய்வருகிற எவருக்கும் அது யாரென்று விளங்கிவிடும். அம்மம்மா அவற்றை எழுதிய காலத்தையும் நினைத்துப் பாருங்கள். போர் நடந்த 1990இலும் 2006இலும் யார் யாரிடம் என்ன சொன்னார் என்பது வெளியே போனால் உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட நாளில் ஒரு தாய், காணாமல் போன மகனைப் பற்றி ஓர் அறைக்குள் இருந்து சொன்னார் என்றால், அது அந்த அறையை நம்பிச் சொன்னது. கேட்டவர் இறந்துவிட்டார் என்பதற்காக அந்த நம்பிக்கை குடும்பத்துக்குச் சொத்தாக வராது. அம்மம்மா வேலை செய்த இடத்தில் மூத்த உளவளத்துணையாளர் யாராவது இருந்தால், பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு அவரிடம் ஆலோசனை கேளுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் வளவுக்குள் வைத்து எரித்துவிடலாம். பழைய பேப்பர்காரருக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். கடலைச் சுருளாக யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

மாமாவோடு இதற்காகச் சண்டை வேண்டாம். அவர் கேட்கிற பட்டியலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறப்பு, படிப்பித்த பள்ளிக்கூடங்கள், வம்சவழி, இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, சம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகம், இவையெல்லாம் கல்வெட்டில் இருக்க வேண்டியவைதான். என்றோ ஒரு நாள் ஒரு பூட்டப்பிள்ளை உறவைத் தேடி வந்தால் அந்தப் பக்கம்தான் கைகொடுக்கும். ஆனால் அதோடு முடித்துவிடாதீர்கள். என் அப்பாவின் கல்வெட்டை நான்தான் எழுதினேன். 28ஆம் நாள் அச்சகத்தில் நின்றுகொண்டு அவசரமாக எழுதியது. எந்த ஆண்டு எங்கே இடமாற்றம், எந்த ஆண்டு பதவி உயர்வு எல்லாம் அதில் சரியாக இருக்கிறது. அவர் முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்து எங்களுக்கு மாம்பழம் வெட்டித் தந்த விதம் ஒரு வரியிலும் இல்லை. இன்றைக்கும் அதை எடுத்துப் பார்க்கிறபோது மனம் கஷ்டப்படுகிறது.

உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், போகிற போக்கில் இரண்டு விஷயங்கள் எழுதியிருந்தீர்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அம்மம்மாவுக்கு எட்டு வயது. அவருடைய ஆச்சி அவரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடினார். வழி முழுக்க ஒரு சொல் பேசவில்லை, ஆனால் கையை விடவில்லை. இது ஒன்று. சுனாமி முடிந்த கிழமை, சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு போனபோது, அங்கே ஒருவரிடமும் "என்ன நடந்தது?" என்று அவர் கேட்கவில்லை, "சாப்பிட்டீங்களா? ஆரைத் தேடுறீங்க?" என்று மட்டும் கேட்டார் என்பது மற்றது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதுங்கள், பிள்ளை. எனக்கு அவற்றை வாசித்தபோதே அம்மம்மா கண்ணுக்கு முன் வந்துவிட்டார். அனர்த்தம் நடந்த கையோடு ஆட்களை இருத்தி, நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்லித் தூண்டுவது நல்லதல்ல, முதலில் தண்ணீர், உடுப்பு, சொந்தக்காரரைத் தேடிக் கொடுப்பது, பக்கத்தில் இருப்பது என்பதுதான் முறை என்று உலக சுகாதார நிறுவனத்தின் உளமுதலுதவிக் கையேடு 2011இல் சொன்னது. உங்கள் அம்மம்மா அதை 2004 டிசம்பரிலேயே செய்திருக்கிறார். பயிற்சி அவருக்கு நிறையக் கொடுத்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிடித்த கையை அவர் காட்டுப்பாதையிலேயே கற்றுக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்படியான சின்ன விஷயங்களை இன்னும் தேடுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தானே அக்கரைக்குப் போக வேண்டும்? எழுபது வயதைத் தாண்டிய மனுஷி அந்த வரிசையில் வெயிலுக்குள் எப்படி நின்றார், பையில் என்ன வைத்திருந்தார், அங்கே எந்த வீட்டில் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார்கள்? 1964 டிசம்பர்ச் சூறாவளியில் கூரை பறந்ததா, அன்றைக்கு யார் வீட்டில் படுத்தார்கள்? மாமாவுக்கு இதெல்லாம் நினைவிருக்கும். பட்டியலை விட்டுவிட்டு இதைக் கேட்டுப் பாருங்கள், அவரும் மலர்ந்து கதைப்பார்.

செத்த வீட்டுக்கு வந்து மூலையில் இருந்துவிட்டு, "அம்மாட்ட வந்து போயிருக்கிறன்" என்று அம்மம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிப் போனவர்கள் பலர் இருந்திருப்பார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்க வேண்டாம். தேத்தண்ணி கொடுங்கள். யாராவது தாங்களாகவே எழுதித் தந்தால் அதை அவர்கள் சொன்னபடி போடுங்கள், பெயரோடு என்றால் பெயரோடு, இல்லையென்றால் இல்லாமல்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். எனக்கு அம்மம்மாவைவிட அவரைப் பற்றித்தான் கவலை. அவர் சொல்வது பொய்யாக இருக்காது. நாள் முழுக்க மற்றவர்களின் துக்கத்தைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது பேச்சற்றுப் போய்விடுவதுண்டு. வெளியே கொடுத்த காது வீட்டில் மிஞ்சுவதில்லை. ஆனால் இதை உங்கள் அம்மாவிடம் விளக்கமாகச் சொல்லி அம்மம்மாவுக்காக வாதாட வேண்டாம். புருஷன் செத்த வருடம் தாய் பக்கத்தில் இல்லை என்பது விளக்கம் சொல்லி ஆற்றுகிற காயமல்ல. 20 வருடமாக உள்ளே வைத்திருந்ததை இன்றைக்குத்தான் சொல்கிறார். இரவில் அவர் அழும்போது பக்கத்தில் போய் இருங்கள். சொல்லி முடியட்டும். "அப்பிடிச் சொல்லாதேங்கோ, அம்மம்மா பாவம்" என்று இடையில் வெட்டாதீர்கள்.

கல்வெட்டில் இது வர வேண்டுமா என்பதை அவரே முடிவெடுக்கட்டும். என் விருப்பத்தைக் கேட்டால், ஒரு வரி வரலாம். 'ஊருக்குக் கொடுத்த நேரத்தில் ஒரு பங்கு எங்களுடையது, அதை நாங்கள் விட்டுக்கொடுத்தோம்' என்பது மாதிரி, ஆனால் அவருடைய சொற்களில். அந்த வரி இருந்தால் அம்மம்மாவுக்குப் பெருமை குறையாது, அவருக்காக வீட்டிலிருந்தவர்கள் கொடுத்ததும் கணக்கில் வரும். வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். எதுவானாலும் அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் முழுவதையும் அம்மாவுக்கு ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள்.

அழுகையைப் பற்றி. கலியாணச் சாவு என்பது துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு வாயில் வருகிற சொல். 91 வருடம் வாழ்ந்தவர் போனால், நீங்கள் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இருந்த ஒருவர் போகிறார். அவர் இல்லாத ஒரு நாளும் உங்களுக்குப் பழக்கமில்லை. பிறகு அழாமல் என்ன செய்வது? நன்றாக அழுங்கள். அம்மாவும் அழட்டும், தாயும் தகப்பனும் இல்லாதவர் இப்போது அவர். ஆனால் மாதங்கள் போன பிறகும் அம்மா ஒழுங்காக உண்ணாமல் உறங்காமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன என்று கதைக்கத் தொடங்கினாலோ, தாமதிக்காமல் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எந்நேரமும் எடுக்கலாம், தமிழிலேயே கதைக்கலாம். இப்படியான வேலையைத்தானே அம்மம்மா செய்தார், அதை நாடுவதில் அவருடைய மகளுக்கு ஒரு வெட்கமும் வேண்டாம்.

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அச்சகத்துக்கு ஒரு கிழமையாவது வேண்டும், ஆகவே இன்றைக்கே தொடங்குங்கள். முதல் கேள்வியை அம்மாவிடம் கேளுங்கள்: கிண்ணியாவிலிருந்து வந்து படலையைத் திறந்தவுடன் அம்மம்மா முதலில் என்ன செய்வா? கிணற்றடியில் கால் கழுவுவாவா, பேசாமல் விறாந்தையில் இருப்பாவா, அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாவா? அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள்.