மருந்துக்கடையில் கேட்கலாமா? மருந்தாளுநர் பதில்கள்

கேள்வி: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 போடுகிறேன். சளிக்கும் தனியாக ஒரு மாத்திரை வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலும் 325 அல்லது 500 மில்லிகிராம் சேர்ந்தே இருக்கும். பெயர் வேறு, நிறம் வேறு, உள்ளே அதே சரக்கு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு அவ்வளவும் ஆகாது. அதனால், கேட்கும்போதே ஏற்கெனவே விழுங்கியதையும் சொல்லிவிடுங்கள். டெங்கு பரவும் காலத்தில் உடம்புவலிக்கு ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் பக்கமே போகாதீர்கள். ரத்தக்கசிவை அவை கூட்டும்.

கேள்வி: தொடையிடுக்கில் படர்தாமரை. கடையில் கொடுத்த களிம்பில் நாலு நாளில் அரிப்பு அடங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிடப் பெரிதாகப் படர்கிறதே?

பதில்: டியூபில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது போட்டிருக்கிறதா? அது ஸ்டீராய்டு. அரிப்பை அமுக்கிவிடும்; படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சைக்கோ கொண்டாட்டம். நாளாவட்டத்தில் தோல் மெலிந்து வரிவரியாகக் கோடு விழும். இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. அப்படியும் எங்கள் ஆட்களே அள்ளிக் கொடுப்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. இனி கடைக்காரரிடம் கேட்டுப் பயனில்லை, தோல் மருத்துவரிடம் போங்கள். அந்த டியூபையும் எடுத்துச் செல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள். துண்டைப் பொதுவில் புழங்க வேண்டாம்.

கேள்வி: பேதியாகும் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக டம்ளரில் கலக்கலாமா?

பதில்: கூடாது. 1 லிட்டர் பொட்டலம் என்றால் கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டுங்கள். கண்ணளவில் பிரித்தால் உப்பின் அளவு தாறுமாறாகும். 24 மணி நேரத்தில் மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். மலத்தில் ரத்தம், குழிந்த கண், சிறுநீர் குறைவு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நேரே ஆஸ்பத்திரி.

கேள்வி: தொண்டைவலிக்கு செஃபிக்ஸிம் கேட்டேன், சீட்டு இல்லாமல் தர மறுக்கிறாரே?

பதில்: அவரை விட்டுவிடாதீர்கள், நல்ல கடைக்காரர். அது பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்; சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்து. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். தவிர, தொண்டைவலி பெரும்பாலும் வைரஸால் வருவது. இந்த மாத்திரை அதைத் தொடவே தொடாது. இப்போதைக்கு உப்புநீரில் கொப்பளியுங்கள்.